கணினிக் கேள்வி நேரம்: முழுசாகத்தான் இறங்கியதா?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருந்தன. பெரிய ஃபைல் ஒன்றை இறக்கினேன், இறங்கிவிட்டது என்றுதான் காட்டியது, பயன்படுத்தப் போனால் மக்கர் பண்ணுகிறது. ஆகவே பிரின்டர் கேள்விகளையும் கைப்பேசி பேட்டரி கேள்விகளையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே பார்ப்போம்.

கே: அண்ணே, மகன் படிவம் நான்கு படிக்கிறான். பழைய லேப்டாப்பில் விண்டோஸ் தவழ்கிறது என்று உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தரச் சொன்னான். அதை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ ஃபைல் கிட்டத்தட்ட 6 ஜிபி, ராத்திரி முழுக்க இறங்கியது. பென்டிரைவில் ஏற்றி நிறுவினால் பாதியில் நின்றுவிடுகிறது. மூன்று தடவை பார்த்தாயிற்று. இறக்கிய இடத்தில் ஷா-256 என்று போட்டு நீளமாக ஏதோ கிறுக்கியிருக்கிறார்கள், அது எதற்கு? மறுபடியும் இறக்கவேண்டுமா?
பிறையிலிருந்து ஒரு தகப்பன்

ப: உடனே மறுபடி இறக்காதீர்கள். இன்னொரு ராத்திரி போகும், அந்த ஃபைலும் கெட்டிருந்தால் அதுவும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. இப்போது உங்களுக்கு வேண்டியதே அந்தக் கிறுக்கல்தான்.

அதற்குப் பெயர் ஹாஷ். செக்சம் என்றும் சொல்வார்கள். ஃபைலின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை ஒன்றுவிடாமல் ஒரு கணக்கில் போட்டு அரைத்தால் கடைசியில் மிஞ்சுகிற எண் அது. ஷா-256 கணக்கு என்றால், ஃபைல் 6 ஜிபி இருந்தாலும் சரி, ஒரே ஒரு எழுத்து இருந்தாலும் சரி, வெளியே வருவது எப்போதும் 256 பிட், அதாவது 0 முதல் 9 வரையுள்ள எண்களும் ஏ முதல் எஃப் வரையுள்ள ஆங்கில எழுத்துகளும் கலந்த 64 எழுத்து. உள்ளே ஒரே ஒரு பிட் மாறினாலும் இந்த 64-இல் ஏதோ ஒன்றிரண்டு மாறுவதோடு நிற்காது, மொத்த வரிசையும் அடையாளம் தெரியாமல் போய்விடும். ஃபைலை உருவாக்கியவர்கள் தங்களிடம் இருக்கும் ஃபைலுக்கு இந்தக் கணக்கைப் போட்டு விடையை எழுதி வைத்திருக்கிறார்கள். உங்களிடம் வந்து சேர்ந்த ஃபைலுக்கு நீங்களும் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஃபைல் அப்படியே வந்திருக்கிறது. ஒரு எழுத்து வேறாக இருந்தாலும் ஃபைல் கெட்டிருக்கிறது.

எப்படிப் போடுவது? விண்டோஸ் 11 என்றால் ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து டெர்மினலைத் திறங்கள் (விண்டோஸ் 10-இல் அதே இடத்தில் பவர்ஷெல் இருக்கும்). கெட், ஒரு சின்னக் கோடு, ஃபைல்ஹாஷ், இதை ஆங்கிலத்தில் சேர்த்து அடித்து ஒரு இடைவெளி விட்டு, இறக்கிய ஃபைலை மவுஸால் இழுத்து அந்த ஜன்னலிலேயே போட்டுவிடுங்கள், ஃபைல் இருக்கும் இடத்தை அதுவே எழுதிக்கொள்ளும். என்டர் தட்டிவிட்டுக் காத்திருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் 6 ஜிபிக்கு ஒரு நிமிடமோ கொஞ்சம் கூடவோ ஆகும், எஸ்எஸ்டி என்றால் அதைவிடச் சீக்கிரம். கறுப்பு ஜன்னலைப் பார்த்தாலே கை நடுங்குகிறது என்பவர்கள் செவன்-ஜிப் போட்டுக்கொள்ளலாம், இலவசம்தான். ஃபைலை வலது கிளிக் செய்தால் சிஆர்சி ஷா என்று ஒரு வரி வரும், அதற்குள் ஷா-256 இருக்கும். மேக்கில் டெர்மினலைத் திறந்து ஷாசம், இடைவெளி, கோடு ஏ, இடைவெளி, 256, இடைவெளி, பிறகு ஃபைலை இழுத்துப் போடவேண்டும்.

பவர்ஷெல் பெரிய எழுத்தில் காட்டும், இணையத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்து ஃபைல் கெட்டுவிட்டது என்று ஒருவர் போன மாதம் எனக்கு ஃபோன் போட்டார். பெரிய ஏ, சின்ன ஏ, இரண்டும் இங்கே ஒன்றுதான்.

ஹாஷுக்கும் முன்னால், அளவு சரியா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், நானே அவமானப்பட்ட கதை ஒன்று இருக்கிறது. பல வருடத்துக்கு முன்னால் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தபோது அங்கிருந்த வைஃபையில் 700 எம்பி சிடி ஃபைல் ஒன்றை இறக்கப் போட்டுவிட்டுக் கீழே மாமாக் கடைக்குத் தே தாரே குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் இறங்கி முடிந்திருந்தது. அடேங்கப்பா, என்ன வேகம் என்று அசந்துபோய் அப்படியே சிடியில் எழுதினேன். கணினி அதைத் தொடவே இல்லை. சிடியைக் குறைசொல்லி இன்னொரு சிடி, அதுவும் போச்சு. கடைசியில் ஃபைலை நோட்பேடில் திறந்து பார்த்தால் உள்ளே, வரவேற்கிறோம், உங்கள் அறை எண்ணையும் பெயரையும் பதிவு செய்யுங்கள் என்று இருக்கிறது. நான் இறக்கியது ஹோட்டல் வைஃபையின் லாகின் பக்கம். ஃபைல் பெயர் மட்டும் நான் கேட்ட பெயர். அளவு சில கேபிதான். அதை ஒரு தடவை பார்த்திருந்தால் இரண்டு சிடி மிஞ்சியிருக்கும்.

அளவைப் பார்க்கும்போது பைட் கணக்கில் பாருங்கள், ஜிபி கணக்கில் பார்க்காதீர்கள். சில இடங்களில் ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட், விண்டோஸுக்கோ ஒரு ஜிபி என்றால் 107,37,41,824 பைட். அதனால் 6 ஜிபி என்று போட்டிருப்பதை உங்கள் விண்டோஸ் 5.58 என்று காட்டும், அதில் ஒன்றும் குறையவில்லை. வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அடைப்புக்குறிக்குள் இருக்கும் நீளமான எண், அதுதான் பேசும்.

சரி, ஹாஷ் ஒத்துவரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 6 ஜிபியை முதலிலிருந்து இறக்கவேண்டாம். உபுண்டுக்காரர்களே டோரன்ட் ஃபைலும் தருகிறார்கள். டோரன்ட் என்றதும் திருட்டுப் படம்தான் ஞாபகத்துக்கு வருகிறது என்றால் அது டோரன்டின் குற்றம் இல்லை. 2001-இல் பிராம் கோஹன் எழுதிய பிட்டோரன்ட் முறையில் ஃபைலைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி ஹாஷ் வைத்திருப்பார்கள். உங்களிடம் இருக்கும் கெட்ட ஐஎஸ்ஓவின் பெயரை மாற்றாமல் டோரன்ட் மென்பொருள் சேமிக்கிற இடத்தில் வைத்து ஃபோர்ஸ் ரீசெக் கொடுங்கள். எந்தத் துண்டு கெட்டது என்று அதுவே கண்டுபிடித்து அந்தத் துண்டை மட்டும் வாங்கிக்கொள்ளும். 6 ஜிபியில் 8 எம்பி இறக்கி வேலை முடிந்ததும் உண்டு.

ஹாஷ் ஒத்துவந்துவிட்டால்? அப்போது ஃபைல் மேல் பழி இல்லை, பென்டிரைவையோ லேப்டாப்பையோ பார்க்கவேண்டும். ஏற்றும்போது எட்சர் போன்ற மென்பொருளில் ஏற்றுங்கள், எழுதி முடித்ததும் எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் (அந்தச் சரிபார்ப்பை ஸ்கிப் பண்ணிவிட்டு எழுந்து போகாதீர்கள், நிறைய பேர் செய்கிற வேலை அது). இன்னொன்று: மூன்று தடவையும் ஒரே இடத்தில் நின்றதா, வெவ்வேறு இடத்திலா? ஒரே இடம் என்றால் பென்டிரைவ். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடம் என்றால் பழைய லேப்டாப்பின் ரேம் மேல்தான் என் சந்தேகம். அந்த லேப்டாப்பிலேயே ஒரே ஃபைலுக்கு ஹாஷை இரண்டு தடவை போட்டுப் பாருங்கள். இரண்டு தடவையும் இரண்டு விடை வந்தால், ஃபைலை விட்டுவிட்டு ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் மென்பொருளை ஓடவிடுங்கள்.

கே: நான் பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்தில் 20 வருடம் வேலை பார்த்தவன். கன்டெய்னர் எண்ணின் கடைசியில் கட்டத்துக்குள் ஒரு எண் இருக்கும், எண்ணைத் தப்பாக அடித்தால் கம்ப்யூட்டர் கத்தும். நீங்கள் போன இதழில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன செக்சம் அதே சரக்குத்தானா?
பட்டர்வொர்த்

ப: அதே வம்சம் என்று சொல்லலாம், ஐயா. அனுபவத்தில் வந்த கேள்வி என்று பார்த்ததுமே தெரிகிறது.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கப்பலில் போகிற கொள்கலனின் பக்கவாட்டில் நான்கு ஆங்கில எழுத்து, ஆறு எண், அப்புறம் ஒரு கட்டத்துக்குள் தனியாக ஒரு எண், ஆக 11 இருக்கும். ஐஎஸ்ஓ 6346 என்ற தரம் அது. எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிற எண் ஒன்று உண்டு: சி எஸ் கியூ யூ 305438, கட்டத்துக்குள் 3. அந்த 3 யாரும் இஷ்டத்துக்குப் போட்டது இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு, ஒவ்வொரு இடத்துக்கும் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகிற எடை, இரண்டையும் பெருக்கிக் கூட்டி 11-ஆல் வகுத்தால் மிஞ்சுவது 3. இடத்துக்கு இடம் எடை வேறு என்பதால்தான் 54 என்பதை அவசரத்தில் 45 என்று அடித்தாலும் கணக்கு உதைக்கிறது, வெறுமனே கூட்டிப் பார்த்திருந்தால் தப்பிவிடும். மழையில் நனைந்துகொண்டே எண்ணை எழுதுகிற ஆளை மனதில் வைத்துச் செய்த கணக்கு.

வித்தியாசம் எங்கே என்றால், கட்டத்துக்குள் இருப்பது ஒற்றை இலக்கம். தப்பான எண் ஒன்று குருட்டாம்போக்கில் சரியாகப் பொருந்திவிட பத்தில் ஒன்று வாய்ப்பு இருக்கிறது. இணையத்தில் தரவு பொட்டலம் பொட்டலமாகப் போகும்போது ஒவ்வொரு பொட்டலத்திலும் டிசிபி என்ற அனுப்பும் முறை ஒட்டி அனுப்புகிற செக்சம் 16 பிட், ஆக 65,536-இல் ஒன்று. தனியாகப் பார்த்தால் பெரிதாகத் தெரிகிறது, ஆனால் 6 ஜிபி ஃபைல் என்றால் இலட்சக்கணக்கான பொட்டலம், கேபிளோ கருவியோ கோளாறாக இருந்தால் ஒன்றிரண்டு நழுவிவிடலாம். (எச்டிடிபிஎஸ் வழியாக வந்தால் அதற்கு மேலும் ஒரு காவல் உண்டு, அதனால் இப்போதெல்லாம் வழியில் கெடுவதைவிட பாதியில் அறுந்துபோவதும் வந்து சேர்ந்தபின் டிஸ்கில் கெடுவதும்தான் அதிகம்.) ஷா-256-க்கு வந்தால் அந்த வாய்ப்பு 78 இலக்கம் உள்ள ஒரு எண்ணில் ஒன்று. அதை நினைத்து யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவேண்டாம்.

இன்னொரு வித்தியாசம் முக்கியம். கட்டத்து எண் கை தவறுவதைப் பிடிக்கும், திருடனைப் பிடிக்காது. போலி எண் எழுதுகிறவன் கட்டத்துக்குள் வரவேண்டிய எண்ணையும் கணக்குப் பண்ணியே எழுதிவிடுவான்.

கே: ஒரு சந்தேகம். இணையதளத்துக்குள் புகுந்து ஃபைலையே மாற்றுகிறவன் பக்கத்திலேயே இருக்கும் ஹாஷையும் மாற்றிவிட மாட்டானா? அப்புறம் சரிபார்த்து என்ன பயன்?
செராஸ், கோலாலம்பூர்

ப: மாற்றுவான். சரியாகப் பிடித்தீர்கள், இந்த விஷயத்தில் பாதிப் பேர் யோசிக்காமல் விடுகிற இடம் இது.

நடந்தும் இருக்கிறது. 2016 பிப்ரவரி 20 அன்று உபுண்டு மாதிரியே இன்னொரு இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்டின் இணையதளத்துக்குள் யாரோ புகுந்து, 17.3 சினமன் பதிப்பின் இறக்க இணைப்பைத் தங்களுடைய ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். அந்த ஐஎஸ்ஓவுக்குள் பின்வாசல் இருந்தது. அடுத்த வருடம் மே 2 முதல் 6 வரை, மேக்கில் வீடியோ மாற்றுகிறவர்கள் பயன்படுத்தும் ஹேண்ட்பிரேக்கின் இறக்க சர்வர்களில் ஒன்றில் நல்ல ஃபைலுக்குப் பதிலாக ட்ரோஜன் (நல்ல மென்பொருள் மாதிரி ஒளிந்து வருகிற கெட்ட மென்பொருள்) வைத்த ஃபைல் உட்கார்ந்திருந்தது. அந்த நாட்களில் இறக்கியவர்கள் ஓடவிடுவதற்கு முன் ஹாஷைப் பார்க்கும்படி அவர்களே அறிவித்தார்கள். இரண்டுமே ஊர் பேர் தெரியாத இடம் இல்லை, நாமெல்லாம் நம்பிப் போகிற வீடுதான்.

நம் ஊர்க் கடைகளில் பணம் கட்ட கியூஆர் ஒட்டியிருக்கிறார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் ராத்திரியோடு ராத்திரியாக அதன் மேல் தன் கியூஆரை ஒட்டிவிட்டுப் போனால் ஸ்டிக்கரைப் பார்த்து உங்களால் கண்டுபிடிக்க முடியாது, அதன் பக்கத்தில் கடைப் பெயரையும் அச்சடித்து ஒட்டியிருப்பான். ஸ்கேன் செய்ததும் உங்கள் வங்கி காட்டுகிற பெயர் இருக்கிறது பாருங்கள், அது ஸ்டிக்கரிலிருந்து வருவது இல்லை, வேறு வழியில் வருகிறது. அதனால்தான் அதற்கு மதிப்பு. ஹாஷும் அப்படித்தான். ஃபைல் ஒரு மிரர் சர்வரிலிருந்து (நகலை வைத்திருக்கும் வேறு சர்வர்) வரட்டும், ஹாஷை மூல இணையதளத்திலிருந்து எடுங்கள். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தால் அது பாதியில் அறுந்ததைக் காட்டும், கள்ளத்தைக் காட்டாது.

இதற்கும் மேலே போகவேண்டும் என்றால் கையொப்பம் இருக்கிறது. உபுண்டு ஹாஷ் பட்டியலை ஒரு ஃபைலாகத் தருகிறது, அதன் கூடவே ஜிபிஜி என்று முடிகிற இன்னொரு சின்ன ஃபைல் இருக்கும். முதல் ஃபைலை அவர்கள்தான் எழுதினார்கள் என்பதற்கான கையொப்பம் அது. போடுவதற்குத் தேவையான இரகசியச் சாவி அவர்களிடம், சரிபார்க்கத் தேவையான பொதுச் சாவி உங்களிடம். இணையதளத்தை உடைத்தவனிடம் அந்த இரகசியச் சாவி இருக்காது, ஆகவே ஹாஷ் பட்டியலை மாற்றினால் கையொப்பம் உதைக்கும். ஆனால் பொதுச் சாவியையும் அதே உடைந்த இணையதளத்திலிருந்தே எடுத்தீர்கள் என்றால் கதை பழையபடி கியூஆர் ஸ்டிக்கர்தான். முன்பே எடுத்து வைத்த சாவி இருந்தால் நல்லது.

எல்லா ஃபைலுக்கும் இவ்வளவும் செய்யச் சொல்ல மாட்டேன், நானே செய்வதில்லை. ஒரு பாட்டுக் கோப்பு கெட்டால் பாட்டு திக்கும், அவ்வளவுதான். கணினி முழுக்க ஆளப்போகிற இயங்குதளம், ரூட்டரின் ஃபர்ம்வேர் (ரூட்டரை உள்ளிருந்து இயக்குகிற மென்பொருள்), பணம் புழங்குகிற மென்பொருள், இந்த மூன்றுக்கும் கையொப்பம் வரை போவேன். ரூட்டர் ஃபர்ம்வேர் பாதியில் கெட்டால் ரூட்டர் கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் ஆகும்.

கே: அண்ணா, தம்பி கல்யாண வீடியோவும் படங்களும் மொத்தம் 80 ஜிபி. வீடியோ எடுத்தவர் கிளவுடில் ஏற்றி ஜிப் ஃபைல்களாக அனுப்பினார். சிலது திறக்கிறது, சிலது கெட்டது என்கிறது, தாலி கட்டுகிற வீடியோ திறக்கவே மாட்டேன் என்கிறது. அவர் தன் பக்கம் எல்லாம் சரி என்கிறார். யார் பக்கம் தப்பு?
செந்தூல்

ப: யார் பக்கம் என்று சண்டைக்குப் போவதற்கு முன்னால் அவரிடம் ஃபோனில் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா: கேமரா கார்டையும் உங்கள் டிஸ்கில் இருப்பதையும் இன்னும் அழிக்காதீர்கள். மீதியை அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஜிப் ஃபைலின் பொருளடக்கம் முன்னால் இருக்காது, கடைசியில் இருக்கும். கடைசிப் பக்கம் கிழிந்த புத்தகத்தில் எது எங்கே என்று தெரியாமல் முழிப்பது மாதிரி, பாதியில் அறுந்த ஜிப்பைத் திறக்கப் போனால் முழுதும் கெட்டதாகவே காட்டும். எம்பி4 வீடியோவிலும் பலதில் இதே கதைதான், எந்தப் படம் எந்த நொடியில் என்கிற குறிப்பு ஃபைலின் வால்பக்கத்தில் இருக்கும், வால் வரவில்லை என்றால் முதல் நொடிகூட ஓடாது. தாலி கட்டும் வீடியோவுக்கு இதுதான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன், 80 ஜிபியில் பெரிய ஃபைலும் அதுவாகத்தான் இருக்கும்.

செவன்-ஜிப்பில் ஒவ்வொரு ஜிப்பையும் வலது கிளிக் செய்து டெஸ்ட் ஆர்கைவ் கொடுங்கள். ஜிப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் சிஆர்சி-32 என்ற சின்ன செக்சம் கூடவே பொதிந்து வைத்திருக்கும், அதை வைத்து எது நல்லது எது கெட்டது என்று பெயர் சொல்லிவிடும். கெட்டதை மட்டும் திரும்ப வாங்குங்கள். உலாவியில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாமல், அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிற மென்பொருளில் இறக்குங்கள்.

அப்புறம், எதில் சேமிக்கிறீர்கள்? பழைய பென்டிரைவ், பழைய ஹார்ட் டிஸ்க் சிலது ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொடமுடியாது, சரியாகச் சொன்னால் 4,294,967,295 பைட்டுக்கு மேல் ஒரு பைட்கூட ஏறாது. டிஸ்கில் 200 ஜிபி காலியாக இருக்கிறது, ஆனால் இடமில்லை என்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். மாற்றும்போது உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், முதலில் வேறு இடத்துக்கு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ எடுத்தவர் நல்ல மனிதர் என்றால் இன்னொன்றும் கேளுங்கள். அவர் பக்கத்து ஃபைல்கள் எல்லாவற்றுக்கும் ஷா-256 போட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக அனுப்பச் சொல்லுங்கள், அவருக்குப் பத்துப் பதினைந்து நிமிட வேலை. யார் பக்கம் தப்பு என்கிற கேள்விக்கு அதுதான் பதில் சொல்லும், சத்தம் போடவேண்டியதில்லை. அந்தப் பட்டியலைக் கல்யாணப் படங்களுடனேயே வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்துத் தம்பி பிள்ளை அந்த டிஸ்கைத் திறக்கும்போது எது நல்லபடி இருக்கிறது, எது உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போயிருக்கிறது என்று அதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் படமாக வந்ததை இதோடு ஒப்பிடாதீர்கள், அனுப்பும்போதே அது படத்தைச் சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் மட்டும்தான் உள்ளது உள்ளபடி வரும்.

கே: கோயில் கும்பாபிஷேக மலருக்கான டெக்ஸ்ட் ஃபைல் என்னிடம் ஒன்று, அச்சகத்தில் ஒன்று. ஒரே ஃபைல்தானா என்று பார்க்க ஹாஷ் போட்டால் வேறு வேறாக வருகிறது. இரண்டு பேர் உட்கார்ந்து வரிக்கு வரி வாசித்துப் பார்த்தோம், ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஹாஷ் பொய் சொல்லுமா?
ஜெலுத்தோங், பினாங்கு

ப: ஹாஷ் பொய் சொல்லவில்லை, உங்கள் கண்தான். உங்கள் கண் மேல் குற்றமும் இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் வைக்கிற யூனிகோடில் தமிழ் செய்கிற விளையாட்டு இது, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

கோயில் பெயரின் முதலில் ஸ்ரீ இருக்கிறதா? இருக்கும். அந்த ஸ்ரீயை இரண்டு விதமாக அடிக்கலாம். ஸ என்ற எழுத்தில் தொடங்கியும் அடிக்கலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ என்ற எழுத்தில் தொடங்கியும் அடிக்கலாம். பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாகவே வரைந்து காட்டும். உங்கள் விசைப்பலகை ஒன்றைப் போட்டிருக்கும், அச்சகத்தார் தட்டியது இன்னொன்றாக இருக்கும். அதே மாதிரி கொ என்பதில் வருகிற கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். எழுத்தை பைட்டாக மாற்றிச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் முதலாவது 3 பைட், இரண்டாவது 6 பைட். திரையில் வித்தியாசமே தெரியாது. ஹாஷ் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைத்தான் பார்க்கிறது.

இதெல்லாம் இல்லை என்றாலும், வரி முடிவை விண்டோஸ் இரண்டு பைட்டாக வைக்கும், மேக்கும் லினக்ஸும் ஒரு பைட்டாக வைக்கும், அச்சகத்தில் மேக் என்றால் அங்கே திறந்து சேமித்ததிலேயேகூட மாறியிருக்கலாம். வேர்டு ஃபைல் என்றால் கேட்கவே வேண்டாம். திறந்து ஒரு எழுத்தும் தொடாமல் சேவ் கொடுத்தாலே சேமித்த நேரம் உள்ளே பதிவாகி ஹாஷ் மாறிவிடும். ஃபைல் பெயரை மாற்றினால் மட்டும் ஒன்றும் ஆகாது, பெயர் ஃபைலுக்குள் இல்லை.

ஆக உங்கள் வேலைக்கு ஹாஷ் சரியான கருவி இல்லை. இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாடு காட்டுகிற மென்பொருள் வேண்டும். அச்சுக்குப் போகிற கடைசிப் பிடிஎஃப்புக்கு மட்டும் ஹாஷ் போட்டு அச்சகத்தாரிடம் சொல்லிவைத்தால் போதும், அதை யாரும் திறந்து சேமிக்கப்போவதில்லை.

கே: பசார் மாலாமில் 2 டிபி பென்டிரைவ் 35 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். ஃபைல் எல்லாம் ஏறுகிறது, பெயரும் தெரிகிறது, அளவும் சரி. திறந்தால் கெட்டிருக்கிறது. முதலில் ஏற்றிய சிலது மட்டும் நன்றாக இருக்கிறது. வைரஸா?
கெப்போங்

ப: வைரஸ் இல்லை, 35 ரிங்கிட்.

உள்ளே இருப்பது சின்ன சிப்பாக இருக்கும். அதை 2 டிபி என்று பொய் சொல்லும்படி உள்ளிருக்கும் கன்ட்ரோலரை மாற்றி எழுதியிருப்பார்கள். உண்மையான இடம் தீரும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும், அதற்கு மேல் ஏறுவது பழையதன் மேலேயே எழுதப்படும் அல்லது காற்றில் போகும். பெயரும் அளவும் தனி இடத்தில் பதிவாவதால் அது மட்டும் கம்பீரமாகத் தெரியும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3, இரண்டும் இதற்கென்றே எழுதப்பட்டவை. டிரைவ் நிறைய எழுதித் திரும்பப் படித்து உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடும். காசைத் திருப்பித் தருவார்களா என்று கேட்கிறீர்கள். அடுத்த வாரம் அதே கடை அதே இடத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கே: சில இடங்களில் ஷா-256-க்குப் பதிலாக எம்டி5 என்ற ஹாஷ் மட்டும்தான் தருகிறார்கள். போதுமா?
ஆயர் ஈத்தாம்

ப: பாதியில் அறுந்ததா, டிஸ்கில் கெட்டதா என்று பார்க்கத் தாராளமாகப் போதும். கள்ளத்தைப் பிடிக்கப் போதாது. ரொனால்டு ரிவெஸ்ட் உருவாக்கிய எம்டி5, 32 எழுத்து வரும். 2004-இலேயே வாங் சியாவ்யுனும் அவருடன் இருந்தவர்களும் ஒரே எம்டி5 வருகிற இரண்டு வேறு தரவுகளைச் செய்து காட்டிவிட்டார்கள். 40 எழுத்து வருகிற ஷா-1-ஐ 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வகமும் சேர்ந்து உடைத்தன, ஒரே ஷா-1 உள்ள இரண்டு வெவ்வேறு பிடிஎஃப். ஆகவே ஷா-256 இருந்தால் அதையே எடுங்கள்.

கே: 64 எழுத்தையும் ஒப்பிடவேண்டுமா? நான் முதல் நாலும் கடைசி நாலும்தான் பார்க்கிறேன்.
பிரிக்பீல்ட்ஸ்

ப: தற்செயலாகக் கெட்டதைப் பிடிக்க அந்த எட்டு போதும். ஆனால் வேண்டுமென்றே செய்கிறவனுக்கு எட்டு எழுத்தைப் பொருத்துவது ஏறக்குறைய 430 கோடி தடவை முயன்று பார்க்கிற வேலை, இன்றைய கணினிக்கு அது பெரிய காரியம் இல்லை. கண்ணால் எதற்குப் பார்க்கிறீர்கள்? இரண்டையும் நோட்பேடில் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டுங்கள், அல்லது ஒன்றை ஒட்டிவிட்டு கன்ட்ரோல் எஃப் அழுத்தி இன்னொன்றைத் தேடச் சொல்லுங்கள். கிடைத்தால் சரி.

கே: வெவ்வேறு மூன்று ஃபைல் இறக்கினேன். மூன்றுக்கும் ஷா-256 போட்டால் மூன்றுக்கும் ஒரே விடை, ஈ 3 பி 0 சி 4 4 2 என்று தொடங்குகிறது. ஷா-256-ஐயும் உடைத்துவிட்டார்களா?
புக்கிட் மெர்தாஜாம்

ப: இல்லை. அந்த விடையை இந்த வேலையில் இருக்கிறவர்கள் பலர் பார்த்ததுமே கண்டுகொள்வார்கள், ஒன்றுமே இல்லாத காலி ஃபைலின் ஷா-256 அது. மூன்றின் அளவையும் பாருங்கள், 0 பைட் என்று இருக்கும்.